ஒருத்தருக்கும் மூச்சு விடாதேயுங்கோ

"ஆரின்ரை கோட்டு அக்கா அது?"

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று பத்மாசனி கேட்டதும் நாகேஸ்வரி கொடிப்பக்கம் திரும்பினாள். கிளிநொச்சித் தையற்காரனிடமிருந்து சைக்கிளில் கொண்டுவரும் வழியில் மழையில் நனைந்துபோன கம்பளிக் கோட்டு, கைகளை விரித்துக்கொண்டு கொடியில் தொங்கியது. உருத்திரபுரத்து வெக்கையில் மேலில் சால்வை போடவே ஆட்கள் யோசிப்பார்கள். கம்பளிக் கோட்டுக்கு என்ன நியாயம் சொல்வது?

"அது... ஒரு கலியாண விசயம்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, கோட்டை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

உண்மை என்னவென்றால், அவளுடைய மகன் தில்லைநாதன் அமெரிக்கா போகப் போகிறான். அங்கே விவசாயம் செய்யும் கமக்காரர் வீடுகளில் ஆறு மாதம் தங்கி, அவர்களோடு வேலை செய்து படிக்கவேண்டும். அதற்கு ஈடாக அங்கிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெடியன் வந்து இங்கே நெல் விதைக்கப் பழகுவான். இலங்கை முழுவதிலும் தேடிப் பொறுக்கிய ஒருசிலரில் தில்லைநாதனும் ஒருவன். வேறு வீடென்றால் வெடி கொளுத்தியிருப்பார்கள். நாகேஸ்வரியோ புருசன் வீரகத்தியின் வாயையும் மகனின் வாயையும் சேர்த்துப் பூட்டி வைத்திருந்தாள்.

"பிளேன் ஏறுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதேயுங்கோ. தெரிஞ்சால் பெட்டிசம் போட்டிடுவாங்கள்."

மேலிடத்துக்கு எழுதிப் போடும் புகார்க் கடிதமான பெட்டிசம் என்றால் விளையாட்டில்லை. அவளுடைய அண்ணனுக்குச் சுங்கத்தில் உத்தியோகம் சரிவந்து, பெட்டியும் கட்டியாயிற்று. ஊரில் எவனோ கையெழுத்தில்லாமல் ஒரு பெட்டிசம் எழுதிப் போட்டான். அண்ணன் இன்றைக்கும் சுழிபுரத்தில் சுருட்டுச் சுற்றுகிறார். வீரகத்திக்கும் அதன் பலம் தெரியாததல்ல. வாய்க்கால் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியருக்கு எதிராக மூன்று பெட்டிசம் எழுதி, அந்த மனிசனை மட்டக்களப்புக்கு மாற்ற வைத்தவரே அவர்தான்.

அடுத்த நாள் விடியவே பத்மாசனி ஒரு சாதகத்தோடு வந்து நின்றாள்.

"அக்கா, பொம்பிளையை ஏன் வெளியிலை தேடுறியள்? நெளுக்குளத்திலை என்ரை அண்ணன்ரை மோள் இருக்கிறாள். எஸ்.எஸ்.சி. பாஸ். தங்கமான பெட்டை."

"ஐயோ பத்மாசனி, அது சுழிபுரத்திலை முற்றாகிப் போச்சே!"

"சுழிபுரத்திலை ஆரின்ரை பெட்டை? என்ரை மச்சாள் அங்கைதானே இருக்கிறா. இண்டைக்கே கடிதம் போட்டு விசாரிக்கிறன்."

கலியாணம் கட்டாத பெடியன்கள்தான் போகலாம் என்பது அந்த அமெரிக்கத் திட்டத்தின் சட்டம். பத்மாசனி சுழிபுரம் முழுக்கக் கலியாணக் கதையைப் பரப்பி, அது கொழும்புக்கும் எட்டினால் எல்லாம் பாழ். பின்னேரமே நாகேஸ்வரி வாய்க்காலைத் தாண்டிப் போனாள்.

"கடிதம் போடாதை பத்மாசனி. கலியாணம் நிண்டு போச்சு."

"என்னண்டக்கா? நேற்றுத்தானே கோட்டுக் காயப் போட்டனியள்?"

"தம்பிக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். பயணத்துக்காக வவுனியாவில் தில்லைநாதனின் நெஞ்சை எக்ஸ்றே எடுத்திருந்தார்கள். அவன் அந்த அறையிலிருந்து வெளியே வந்ததைப் பத்மாசனியின் புருசன் கண்டிருக்கிறான். போதாக்குறைக்கு, அம்மை நோய் வராமல் அம்மைப்பால் குத்தியதில் கை வீங்கி, பெடியன் காய்ச்சலோடு போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். பத்மாசனி கணக்குப் போட்டாள். எக்ஸ்றே, காய்ச்சல், நின்றுபோன கலியாணம். வேறென்ன? கசம்தான், காசநோய்!

பொழுதுபடுவதற்குள் வாய்க்கால் ஓரம் முழுவதற்கும் விசயம் போய்விட்டது. களை பிடுங்க வருவதாகச் சொன்ன பெண்டுகள் வாசல் படலையடியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். பத்மாசனி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பெட்டி முட்டையோடு வந்தாள்.

"அவிச்சுக் குடுங்கோ அக்கா. நெஞ்சுக்கு நல்லது. ஐயோ, என்ன வயசு அந்தப் பிள்ளைக்கு!"

தில்லைநாதன் அந்த முட்டைகளைக் கதவைச் சாத்திவிட்டு, அமெரிக்காவுக்கென்று வாங்கிய முள்ளுக்கரண்டியால் தின்று பழகினான். ஒவ்வொரு முட்டையும் தட்டை விட்டுப் பாய்ந்து கட்டிலுக்குக் கீழே உருண்டது.

"இஞ்சரப்பா, உண்மையைச் சொல்லிப்போடுவம். கசக்காரன் எண்டு பேரெடுக்கிறதிலும் பாக்க அது நல்லது" என்றார் வீரகத்தி.

"சொன்னால் பெட்டிசம் நிச்சயம். அண்ணை பெட்டியை அவிழ்த்துச் சேட்டுகளைத் திரும்ப அலுமாரியிலை வைச்சதை நீங்கள் பாக்கேல்லை, நான் பாத்தனான். என்ரை பிள்ளையை அப்பிடிப் பாக்க என்னாலை ஏலாது." நாகேஸ்வரி சேலைத் தலைப்பில் மூக்கைச் சிந்தினாள். வீரகத்தி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை ஒரு ஜீப் வந்தது.

அது நேரே வரவில்லை. பத்மாசனி வீட்டு வாசலில் நின்றது. தொப்பி போட்ட ஓர் அதிகாரி கையில் கோப்போடு இறங்கி என்னவோ கேட்டார். பத்மாசனி தலையை ஆட்டினாள், கையை விரித்தாள், மறுபடியும் தலையை ஆட்டினாள். வேலிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்த நாகேஸ்வரி உள்ளே ஓடினாள்.

"போட்டிட்டாள் பாவி! பெட்டிசம் போட்டிட்டாள்! விசாரணைக்கு வந்திட்டாங்கள்!"

மகனைக் கட்டிலிலிருந்து இழுத்து எழுப்பினாள். "டேய், பின்னாலை ஓடு! இந்தக் கையோடையும் காய்ச்சலோடையும் கண்டால் கசமெண்டே எழுதிப்போடுவாங்கள். நான் கூப்பிட்டாலும் வராதை, விளங்குதே?"

தில்லைநாதன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் பாய்ந்தான்.

ஜீப் இவர்களின் படலையடிக்கும் வந்து நின்றது. அதிகாரி கதிரையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். "என்ரை பேர் கதிர்காமநாதன். கொழும்புக் கந்தோரிலையிருந்து வாறன். உங்கட மகன் தில்லைநாதனைப் பற்றி..."

"கலியாணமெண்டது சுத்தப் பொய் ஐயா!" என்று நாகேஸ்வரி தொடங்கினாள். "கோட்டைக் கண்டு கேட்டதாலை சொன்னனான். பொம்பிளையுமில்லை, ஒண்டுமில்லை."

அதிகாரி பேனையைத் திறந்தார். "நான் கலியாணத்தைப் பற்றிக் கேக்கேல்லையே அம்மா?"

"கசமெண்டதும் பொய். அது அம்மைப்பால் குத்தின காய்ச்சல்."

"கசமோ?" அவர் எழுதத் தொடங்கினார்.

"இரவிலை வரம்பை வெட்டித் தண்ணியைத் திருப்பினது இவர். பெடியனுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை."

வீரகத்தி முகட்டைப் பார்த்தார். "அதையுமே எழுதியிருக்கினம்?" என்று முனகினார்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதெல்லாம் இருக்கட்டும். பெடியன் எங்கை?"

"யாழ்ப்பாணத்திலை" என்றாள் நாகேஸ்வரி.

"முறிகண்டியிலை" என்றார் வீரகத்தி, அதே மூச்சில்.

அதிகாரியின் முகம் கறுத்தது. கோப்பை மூடினார். "அம்மா, எனக்கு ஆளைக் கண்ணாலை காணவேணும். இப்பவே காட்டுங்கோ. இல்லையெண்டால் அமெரிக்காவுக்குப் போற இந்த இடத்தை வேறை ஆருக்காவது குடுக்கச் சொல்லித்தான் நான் எழுதவேணும்."

அவிழ்த்த பெட்டியும் அண்ணனின் சேட்டுகளும் நாகேஸ்வரியின் கண்முன்னே வந்து நின்றன. விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறம் ஓடினாள்.

"தம்பீ! தில்லைநாதா! வாடா மோனை!"

அவன் வரவில்லை. கூப்பிட்டாலும் வராதே என்று சொன்னது அவள்தானே. ஒருநாளும் சொல்வழி கேளாத பிள்ளை, இன்றைக்கென்று பார்த்துக் கேட்டுவிட்டது.

"டேய், வரச்சொல்லித்தான் கூப்பிடுறன்! இது உண்மையாய்க் கூப்பிடுறது!"

நெற்பயிர்கூட அசையவில்லை. அதிகாரி எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். வீரகத்தி அவருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ஐயா, கொஞ்சம் பொறுங்கோ, ஒரு தேத்தண்ணி..." என்று கெஞ்சினார். அதிகாரி படலையை நோக்கி நடந்தார்.

அந்த நேரத்தில்தான் பத்மாசனி வாய்க்கால் பக்கமிருந்து வந்தாள். தோள்வரை சேறாக இருந்த தில்லைநாதனை, வீங்காத கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏனக்கா, உங்களுக்கென்ன விசரே? நெஞ்சு வருத்தக்காரப் பிள்ளையை எங்கட வயல் சேத்துக்கை குந்த விட்டிருக்கிறியள்? காய்ச்சல் நெருப்பாய்க் கொதிக்குது!"

போச்சு. அதிகாரியின் முன்னாலேயே சொல்லிவிட்டாள். நாகேஸ்வரி தலையில் கையை வைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள்.

அதிகாரி தில்லைநாதனை ஏற இறங்கப் பார்த்தார். கோப்பிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"பேர்?"

"வீரகத்தி தில்லைநாதன்."

"நீர்தானே?"

"ஓம் ஐயா, நான்தான்."

அவர் அவனுடைய தோளில் கையை வைத்து ஒருதரம் அமுக்கிப் பார்த்தார். பிறகு கோப்பில் ஒரு வரி எழுதி, கீழே கையெழுத்து வைத்தார்.

"சரி. எனக்கு வேண்டியது கிடைச்சிட்டுது" என்று சொல்லிவிட்டு, சேறு பட்ட கையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

நாகேஸ்வரி எழுந்து ஜீப்படிக்கு ஓடினாள். டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன.

"தம்பி, உமக்குப் புண்ணியமாய்ப் போகும். என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையைக் கெடுத்து அந்தப் பெட்டிசத்தைப் போட்டது ஆர்? அந்தா நிக்கிறாளே, அவளோ?"

டிரைவர் துணியை உதறிவிட்டுச் சிரித்தான்.

"பெட்டிசமோ? அமெரிக்கா போகத் தெரிவான மற்றப் பெடியளுக்கெல்லாம் ஆளுக்கு நாலஞ்சு வந்து குவிஞ்சு கிடக்குதம்மா. உங்கட மோனுக்குத்தான் ஒண்டுமே வரேல்லை. அதுதான், இப்பிடியொரு பெடியன் உண்மையிலை இருக்கிறானோ எண்டு பாத்துக்கொண்டு வரச்சொல்லி எங்களை அனுப்பினவை!"