அட்டையை விரட்ட ஓர் அட்டை

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த வருஷம் ஊர் நாளுக்குக் கடையில் வாழ்த்து அட்டை வாங்கப் போவதில்லை. என் கையாலேயே செய்யப் போகிறேன். செய்யும் இடம், எங்கள் வீட்டுப் பின்ரூம்.

இதில் என்ன பெரிய முடிவு என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு என் மச்சினனைத் தெரியாது. அதனால்தான் கேட்கிறீர்கள்.

மச்சினன் என் மனைவியின் தம்பி. உணவு ஆலோசகன். எதையெல்லாம் சாப்பிடக் கூடாது என்று அடுத்தவர்களுக்குச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன். போன தடவை "ரெண்டே நாள் மாமா" என்று வந்தான். வந்தபோது சுவரில் புதிதாகத் தொங்கிய காலண்டர், அவன் போகும்போது குப்பைக்குப் போயிருந்தது. நடுவில் என் டீயிலிருந்து சர்க்கரை போனது. அப்புறம் பால் போனது. கடைசியில் டீத்தூளும் போய், வெந்நீரைக் குடித்துவிட்டு "பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டான். அட்டையாவது ரத்தத்தோடு விட்டுவிடும். இவன் என் தட்டிலிருந்த உருளைக்கிழங்கையும் விடவில்லை.

அப்பேர்ப்பட்டவனைப் பற்றி ஒரு காலையில் என் மனைவி ஆரம்பித்தாள்.

"என்னங்க, தம்பிக்கு இந்த ஊருக்கே மாத்தல் ஆயிடுச்சு."

"ஐயோ பாவம்."

"யாரு?"

"அவன்தான். இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்காதே."

"வீடு கிடைக்கிற வரைக்கும் நம்ம பின்ரூம்ல இருக்கட்டுமேங்க."

"பின்ரூம்ல எலிக்கே இடம் இல்லையே!"

"சரிங்க" என்று போய்விட்டாள்.

இந்த "சரிங்க"தான் ஆபத்து. என் மனைவி ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் வேலை செய்கிறாள். போனில் கத்துகிறவர்களிடம் "சரிங்க, சரிங்க" என்பாள். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் கத்தியவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இன்னொரு மெஷினும் வாங்கிக்கொண்டு போனை வைப்பார். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்த வேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததில்லை.

நான் மட்டும் இளைத்தவனா? கட்டட பிளான் வரைவது என் தொழில். பிளான் இல்லாமல் ஒரு செங்கல் நகராது. அன்று மாலையே எனக்கு ஒரு பிளான் கிடைத்தது. கொடுத்தவர் எதிர்வீட்டுக்காரர். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை "கார்டு சார்" என்றுதான் கூப்பிடும். ஊர் நாள் விழாக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

ஊர் நாள் என்பது எங்கள் ஊர் நகரமாக அறிவிக்கப்பட்ட நாள். அன்றைக்கு எல்லாருக்கும் லீவு. எல்லாரும் எல்லாருக்கும் வாழ்த்து அட்டை கொடுத்தாக வேண்டும். வருஷம் முழுக்க முறைத்துக்கொண்டவர்கள்கூட அன்றைக்குச் சிரித்தாக வேண்டும்.

"இந்த வருஷம் கையால செஞ்ச கார்டுதான் சார். கடை கார்டு கூடாது. நல்ல கார்டா ஒண்ணை நானே மேடையில படிப்பேன்" என்றார்.

"கார்டைக் கார்டே படிக்கிறதா!" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குள் என் மூளையில் பச்சைக்கொடி ஆடிவிட்டது. பின்ரூமை வாழ்த்து அட்டைத் தொழிற்சாலை ஆக்கிவிட்டால்? ஈரப் பெயின்டும் பசையும் இருக்கிற அறையில் ஒரு மனுஷனைத் தங்க வைக்க முடியுமா? அட்டையை விரட்ட அட்டை! என்னை நானே முதுகில் தட்டிக்கொடுக்கப் பார்த்தேன். கை எட்டவில்லை.

மனைவியிடம் அறிவித்தேன்.

"பின்ரூம் இனிமே என் கலைக்கூடம். யாரும் நுழையக் கூடாது."

சண்டைக்குத் தயாராக நின்றேன். அவள் முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்ல யோசனைங்க! உங்களுக்குள்ள இப்படி ஒரு கலைஞன் இருக்கான்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த ஓட்டை சைக்கிளுக்கும் உடைஞ்ச பீரோவுக்கும் நடுவுல கலை எப்படிங்க வரும்?"

நியாயமான கேள்வி. மறுநாளே எல்லாச் சாமான்களையும் வெளியே எறிந்தேன். வருஷக்கணக்காக அவள் எறியச் சொன்ன சாமான்கள்தான். அப்போது அவள் சொன்னாள், எறியவில்லை. இப்போது கலை சொல்கிறது, எறிகிறேன். வித்தியாசம் இருக்கிறதே!

"சுவர் மஞ்சளடிச்சுக் கிடக்கேங்க. இதுல கலர் எப்படித் தெரியும்?"

வெள்ளையடித்தேன்.

"பெயின்ட் காயணுமே."

ஃபேன் மாட்டினேன்.

"குனிஞ்சே வேலை பார்த்தா இடுப்பு என்னத்துக்கு ஆகும்? நடுநடுவுல கொஞ்சம் சாஞ்சுக்க வேண்டாமா?"

என்ன கரிசனம்! கட்டிலைத் தூக்கிவந்து போட்டேன். அதன்மேல் புது மெத்தை. சட்டையில் பெயின்ட் தெறிக்குமே, கழற்றி மாட்ட வேண்டாமா என்றாள். சுவரில் வரிசையாகக் கொக்கி அடித்தேன். யாரும் வந்து தொந்தரவு செய்யாதபடி உள்தாழ்ப்பாளும் வைத்தேன். நடுவில் ஒரு பெரிய டேபிள்.

கார்டு சார் எட்டிப் பார்த்தார். "என்ன சார், விருந்தாளி யாராவது வர்றாங்களா?"

"வராம இருக்கத்தான் சார் இவ்வளவும்."

அவர் என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி டீ எடுத்துவரப் போனாள்.

அட்டை செய்ய உட்கார்ந்தேன். முதல் அட்டையைப் பெருமையோடு நீட்டினேன்.

"இது என்னங்க?"

"நம்ம ஊர் மணிக்கூண்டு."

"பக்கத்துல ஏதோ அம்புக்குறி?"

"அது வடக்கு."

"வாழ்த்துல வடக்கு எதுக்குங்க?"

"வடக்கு இல்லாம எந்தப் படமும் வெளியே போகக் கூடாது. தொழில் தர்மம்."

"கீழ போற புள்ளிக்கோடு?"

"சாக்கடை."

"வாழ்த்துக்கு அடியில சாக்கடையா?"

"பூமிக்கு அடியிலதானே போகுது. யாருக்குத் தெரியப்போகுது?"

"சாக்கடையை மட்டும் எடுத்துடுங்க. மத்ததெல்லாம் அவ்வளவு அழகு!" என்றாள். என் சாக்கடையைத் தியாகம் செய்தேன். கலைஞனுக்கு மனைவியின் பாராட்டைவிடப் பெரிதாக என்ன வேண்டும்? விரலெல்லாம் பசை. மூக்கெல்லாம் நீலம். அட்டைகள் கொடிக்கயிற்றில் வரிசையாகக் காய்ந்தன. அறை எனக்கே பிடித்துப்போய்விட்டது.

உள்ளே எழுதக் கவிதை வேண்டுமே. முதல் வரி அருவி மாதிரி கொட்டியது.

'ஊரைத் தேடி வருவோர்க்கு உள்ளம் என்றும் திறந்திருக்கும்.'

இரண்டாவது வரி வரவில்லை. பேனாவைக் கடித்தேன். வரவில்லை. பிரஷ்ஷைக் கடித்தேன். நாக்குதான் பச்சையானது. துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமல் சொன்னாள்.

"வீட்டைத் தேடி வருவோர்க்கு அறையும் ஒன்று காத்திருக்கும்."

"அடடே, அதையேதான் நானும் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்!"

"தெரியுங்க. அதான் சொன்னேன்."

ஒரு நிமிஷம் தயங்கினேன். அறையா? வீட்டுக்கு வருகிறவனுக்கு அறையா? அப்போதுதான் பளிச்சென்று பட்டது. அறை என்றால் கன்னத்தில் விழுவதும் அறைதானே! மச்சினன் படித்தால் அந்த அர்த்தம் புரிந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடட்டும். ஒரே சொல்லில் வாழ்த்தும் மிரட்டலும். எனக்கே என்னை நினைத்துப் பயமாக இருந்தது. எல்லா அட்டையிலும் அழகாக எழுதி என் கையெழுத்தையும் போட்டேன். தபாலில் சேர்க்கும் வேலையை மனைவி ஏற்றுக்கொண்டாள்.

ஊர் நாள் வந்தது. நகர மண்டபத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் நான், பக்கத்தில் என் மனைவி. கார்டு சார் மேடையேறி, பழக்கதோஷத்தில் ஒரு விசிலை ஊதிவிட்டு, என் அட்டையை உயர்த்திப் பிடித்தார்.

"இந்த வருஷம் மனசைத் தொட்ட கார்டு இதுதான்!" என்று கணீரென்று படித்தார். இரண்டாவது வரி முடிந்ததும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. எனக்குப் பின்னால் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் நெஞ்சு விரிந்ததில் சட்டைப் பட்டன் ஒன்று விடைபெற்றது.

"நாமெல்லாம் வாயாலதான் வாழ்த்துவோம்" என்றார் கார்டு சார். "இவரு அப்படி இல்லீங்க. வர்றவங்களுக்குன்னு வீட்டுல ஒரு அறையைத் தன் கையாலேயே வெள்ளையடிச்சு, கட்டில் மெத்தை போட்டு, கொக்கி வரைக்கும் அடிச்சு வச்சிருக்காரு. நான் என் கண்ணால பார்த்தேன்!"

மறுபடியும் கைதட்டல். இந்த முறை நான் குனிந்து, விடைபெற்ற பட்டனைத் தேட ஆரம்பித்தேன்.

"நம்ம ஊருக்கு இன்னைக்குத்தான் மாத்தலாகி வந்த ஒருத்தர் இங்க இருக்காரு. தம்பி, எழுந்திருங்க. எங்க தங்கப்போறீங்க?"

கடைசி வரிசையில் ஓர் ஆள் எழுந்தான். ஒரு கையில் பெட்டி. மறுகையில் நான் செய்த வாழ்த்து அட்டை. அட்டையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். என் மச்சினன்.

மண்டபமே என் பக்கம் திரும்பியது. அத்தனை முகத்திலும் அத்தனை அன்பு. அந்த அம்மா மறுபடியும் கண்ணைத் துடைக்கத் தயாரானார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் மேடையைப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுலதான்!" என்று யாரோ கம்பீரமாகச் சொன்னார்கள். குரல் எனக்கு ரொம்பப் பழக்கமானதாக இருந்தது. என்னுடையதுதான்.

வீடு திரும்பும் வழியில் மெதுவாகக் கேட்டேன்.

"இதெல்லாம் நீ முன்னாடியே போட்ட பிளானா?"

"பிளான் போடுறது உங்க தொழிலாச்சேங்க. எனக்கு என்ன தெரியும்?"

"அவனுக்கும் ஒரு அட்டை அனுப்பியிருக்கியே!"

"நீங்க கையெழுத்துப் போட்ட அட்டைங்க. வீணாக்க மனசு வரலை."

"அறைன்னா கன்னத்துல விழுறதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு, தெரியுமா?"

"தெரியுங்க" என்றாள் அமைதியாக. "விழுந்துச்சா?"

மச்சினன் பின்ரூமுக்குள் நுழைந்தான். ஃபேனைப் போட்டுப் பார்த்தான். மெத்தையில் உட்கார்ந்து குலுங்கிப் பார்த்தான். ஒவ்வொரு கொக்கியிலும் ஒவ்வொரு சட்டையை மாட்டினான்.

"பிரமாதம் மாமா! எனக்காக இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கீங்களே! இந்த டேபிள் மட்டும்தான் இடைஞ்சலா இருக்கு. கனமான சாமான் தூக்கினா எனக்கு முதுகு பிடிச்சுக்கும்."

"அதுக்கென்னடா, மாமா எடுத்துடுவாரு" என்றாள் என் மனைவி.

டேபிளின் ஒரு முனையை நான் பிடித்தேன். இன்னொரு முனையையும் நான்தான் பிடித்தேன்.