கணக்குல வந்தா போதும்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒரு கார்டு போடுறது. அம்புட்டுதான்.

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு ஒரு மாசம் இருந்தது. கணக்குல நாப்பது எடுத்தா காலேஜ், இல்லைன்னா கூமாப்பட்டியில பெரியப்பா மாட்டுக்குப் புல்லு வெட்டப் போகணும்னு வீட்டுல முடிவாயிருந்தது. கணக்கு வாத்தியார் என் நோட்டைச் செத்த நேரம் பார்த்துட்டு, "நாப்பதைக் குறி வை. அதுக்கு மேல ஆசைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்காதே"ன்னார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல வக்கீல் குமாஸ்தாவா இருந்த மாமாவுக்கு அதையே எழுதினேன். 'கணக்கில் 40 வாங்குவதாக இருக்கிறேன். வேண்டிக்கொள்ளவும்.'

ராஜபாளையம் தபாலாபீசுக்கு அப்பதான் குண்டூர்ப் பக்கத்திலேருந்து புது போஸ்ட்மாஸ்டர் மாத்தலாகி வந்திருந்தார். தங்கமான மனுசர். தமிழ்தான் அரைகுறை.

கார்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, "ஏம் பாபு, கணக்குல நெஜமா எவ்வளவு வாங்குவே?"ன்னார்.

பின்னால எங்க தெருக்காரங்க நாலு பேர் நிக்காங்க. நாப்பதுன்னு சொல்ல வெக்கமா இருந்தது. நம்பரை முழுங்கிட்டு, "ஏதோ வந்தா போதும் சார்"னேன்.

"வந்தாவா?"

"ஆமா சார். வந்தா போதும்."

எந்திரிச்சு வந்து என் கையைப் புடிச்சுக் குலுக்கினார். எதுக்குன்னு புரியலை. இருந்தாலும் குலுக்க விட்டேன்.

எட்டாம் நாள் மாமா நொண்டிக்கிட்டே வீட்டுக்கு வந்தார்.

"காலுக்கு என்னண்ணே?"ன்னு அம்மா பதறினா.

"உன் மகன் மார்க்குக்கு ஒரு சுத்துன்னு ஆண்டாள் கோயில்ல நேந்துக்கிட்டேன். இன்னைக்குக் காலையிலதான் நூறும் முடிஞ்சது."

"நூறா?"

கார்டை நீட்டினார். என் நாப்பதை அடிச்சிட்டு மேல 100. பக்கத்துல இங்கிலீஷ்ல பொடியா ஒரு வரி. பையன் அடக்கமா எழுதிட்டானாம், நேர்ல சொன்னது இதுதானாம். இப்படிக்கு, போஸ்ட்மாஸ்டர்.

தபாலாபீசுக்கு ஓடினேன்.

"நீதானே 'வந்த' சொன்னே? தெலுங்குல 'வந்த'ன்னா நூறு"ன்னு சிரிச்சார்.

மாமாகிட்ட உண்மையைச் சொல்லிரலாம்னுதான் திரும்பி வந்தேன். அவர் ரெண்டு காலையும் வெந்நித் தண்ணியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். இன்னொரு செம்பு வெந்நி ஊத்திவிட்டேன்.

மார்க் வந்தது. நாப்பத்தொண்ணு.

சந்தோசத்துல எனக்கு அழுகையே வந்துட்டு. காலேஜ் உறுதி, கூமாப்பட்டி மாடும் தப்பிச்சது. ஆனா மாமா நொண்டின கதையில தெருவுக்கே நூறுன்னுதான் தெரிஞ்சிருந்தது. சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொருத்தரா, துட்டி வீட்டுக்கு வந்த மாதிரி அம்மா கையைப் புடிச்சு ஆறுதல் சொன்னாங்க. "விடு தாயி, பையன் உசுரோட இருக்கான்லா."

மாமா மட்டும் மூலையில உக்காந்து விரல்விட்டு எண்ணிக்கிட்டு இருந்தார். பொறவு என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, அம்பத்தொம்பது சுத்து கூடுதலாக் கெடக்கே. ஆண்டாள்கிட்டச் சொல்லி, அதை உன் தங்கச்சி பேருக்கு மாத்திரலாமா?"

மாத்தியாச்சு. அம்பத்தொம்பதுதான் அவ குறி. அவ அப்ப அரிச்சுவடியில 'ஊ' வரைக்கும் வந்திருந்தா.