தனியாக வாழத் தகுதி பெற்றவர்

சம்பளம் வாங்கும் எவருக்கும் ஒருநாள், நாமும் தனியாக ஒரு ரூம் எடுத்து இருந்து பார்த்தால் என்ன என்று தோன்றும். இது இயற்கை. இயற்கையாக நடப்பதை எல்லாம் அப்படியே விட்டுவிட்டால் அப்புறம் அரசாங்கம் எதற்கு? ஆகவே, முதன்முதலாகத் தனிக்குடியேறும் குடிமக்களின் நலனைக் கருத்தில்கொண்டு 'தனிவாழ்வுத் தகுதி வாரியம்' அமைக்கப்பட்டது. பால் பொங்கி அடுப்பணைதல், குழாயைத் திறந்துவிட்டு வேலைக்குப் போதல், பத்தாம் தேதிக்குள் சம்பளம் தீர்ந்துபோதல் ஆகிய மூன்று தேசிய இழப்புகளைத் தடுப்பது வாரியத்தின் நோக்கம். நோக்கத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. வாரியத்துக்கு ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றும், அதை நிரப்ப நூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களும் கிடைத்தார்கள். அன்றிலிருந்து, வாரியத்தின் சான்றிதழ் இல்லாமல் யாரும் முப்பது நாளுக்கு மேல் தனியாக இருக்கக் கூடாது என்று சட்டமாயிற்று.

சட்டம் வந்து எட்டு மாதம் கழித்து சில்லு ரூம் எடுத்தாள்.

சில்லு என்பது மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு வைத்த பெயர். கடையின் பின்பக்கம் உட்கார்ந்து, லென்ஸை ஃப்ரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. வயது இருபத்து மூன்று. அதில் கடைசி மூன்று வருஷத்தை அக்கா வீட்டு ஹாலில், சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே படுத்துக் கழித்திருந்தாள். அக்கா நல்லவள். அத்தானும் தங்கமான மனிதர்தான். ஆனால் அவர் டிவியை அணைத்தால்தான் இவளுக்கு ராத்திரி. அவர் பேப்பரை விரித்தால் இவளுக்கு விடிந்தாயிற்று. புரண்டு படுத்தால் சோபா நகரும். சோபா நகர்ந்தால் அத்தான் உள்ளே இருந்து "யாரு?" என்பார். மூன்று வருஷமாக அதே ஆள்தான் படுத்திருக்கிறாள், ஆனாலும் கேட்பார்.

பதினாறு மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை மூன்று மாத அட்வான்ஸாகக் கொடுத்து, மூன்றாவது மாடியில் ஒரு ரூமைப் பிடித்தாள். ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு மேடை, சாத்தினால் சாத்தினபடி இருக்கும் ஒரு கதவு. முதல் நாள் ராத்திரி, புரள முடிகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பதினோரு தடவை புரண்டு படுத்தாள். அவ்வளவு சந்தோஷம்.

காலையில் வீட்டுக்காரம்மா வந்து நின்றார்.

"சான்றிதழ் முப்பது நாள்ல வந்துடணும்மா. வரலைன்னா எனக்கு அபராதம். எனக்கு அபராதம்னா உனக்கு ரூம் கிடையாது."

"அட்வான்ஸ்?"

"அது பெயின்ட் அடிக்கவே பத்தாது."

 சில்லு ஒருநாள் லீவு போட்டுவிட்டு வாரியத்துக்கு ஓடினாள்.

பிரிவு எழுத்தர் அவளுடைய விண்ணப்பத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"பாதுகாவலர் கடிதம் எங்கம்மா?"

"அது எதுக்கு சார்? நான்தான் தனியா இருக்கப் போறேனே."

"அதைத்தான் பாதுகாவலர் எழுதித் தரணும். 'இவருக்குப் பாதுகாவலர் தேவையில்லை'ன்னு."

"தேவையில்லாதவங்களுக்குப் பாதுகாவலர் எங்கேருந்து சார் வருவார்?"

"பாதுகாவலர் இல்லாதவங்களை நம்பி எப்படிம்மா தனியா விடறது?"

 சில்லு போய் அத்தானிடம் கடிதம் வாங்கி வந்தாள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, யாரும் கேட்காமலே 'இவளுக்கு வெந்நீர் போடவும் தெரியும்' என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அடுத்தது மாத வரவு செலவுப் படிவம். முப்பத்தெட்டுக் கட்டங்கள். வாடகை, அரிசி, பஸ், சோப்பு என்று ஒவ்வொன்றாக யோசித்து எழுதி, கடைசியில் அவளே ஒரு கோடு கிழித்து 'மீதி' என்று போட்டிருந்தாள். சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதை எழுதும்போது அவளுக்கு ஒரு பெருமிதம்கூட வந்தது.

"மீதின்னு போட்டிருக்கீங்களே, இது என்ன செலவு?" என்றார் எழுத்தர்.

"செலவு இல்லை சார். செலவு போக மிச்சம்."

"படிவத்துல அப்படி ஒரு கட்டமே கிடையாதே."

"நான்தான் கோடு போட்டேன்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "சம்பளம் வாங்கறவங்களுக்கு மிச்சம் இருக்காதுன்னு வல்லுநர் குழு சொல்லியிருக்கு. எனக்கே இருபத்தாறு வருஷ சர்வீஸ், இதுவரைக்கும் இருந்ததில்லை. உங்களுக்கு இருக்குன்னா ஒண்ணு கணக்கு தப்பு, இல்லைன்னா நீங்க சரியா சாப்பிடறதில்லை. ரெண்டுமே தகுதிக் குறைவு."

கடைசியில் அவரே மனமிரங்கி அதை 'எதிர்பாராத செலவு' என்ற கட்டத்துக்கு மாற்றி முத்திரை குத்தினார். செலவும் எதிர்பாராமல் உடனே வந்தது: கட்டாயப் பயிற்சி வகுப்புக்கான கட்டணம். மீதி எவ்வளவோ கட்டணமும் காசு பிசகாமல் அவ்வளவு. வாரியம் எவ்வளவு துல்லியமாக வேலை செய்கிறது என்று சில்லு அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

பயிற்சியாளர் சின்ன வயசுக்காரர். எளிமையாக வாழ்வதுதான் அப்போது ஊரெல்லாம் மோகம். அவர் அந்த மோகத்துக்கே தலைவர் மாதிரி இருந்தார். வெறும் வெள்ளைச் சட்டை, பித்தான்கூடத் தெரியவில்லை. அதன் விலை சில்லுவின் இரண்டு மாத வாடகை என்று பக்கத்தில் இருந்தவள் காதைக் கடித்தாள். 'தேவையில்லாத எதையும் வாங்காதீர்கள்' என்று இரண்டு மணி நேரம் உருக்கமாகப் பேசிவிட்டு, சம்பளத்தைப் பிரித்துப் போட ஏழு நிறத்தில் துணிக் கவர்கள் விற்றார். வாங்கினவர்களுக்குத்தான் வருகைப் பதிவு. சில்லு ஏழு கவரும் வாங்கினாள். வாங்கியபிறகு அவற்றில் போடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

"நீங்க வாடகையை எந்தக் கவர்ல சார் போடுவீங்க?" என்று கேட்டாள்.

"எனக்கு வாடகை கிடையாது. மாமனார் வீட்டுல இருக்கேன்" என்றார் பயிற்சியாளர்.

இப்படிப் பதினான்கு நாள் ஓடியபிறகு, ஒருநாள் சாயங்காலம் வாரியத்தின் தனிமை ஆய்வாளர் வந்து சேர்ந்தார். ஐம்பத்தொரு வயது, ஒரு கையில் குடை, இன்னொரு கையில் காலி டிபன் பாக்ஸ். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ரூமைச் சுற்றிப் பார்த்தார். பிறகு விரல் நீட்டி எண்ணினார்.

"ஒண்ணு, ரெண்டு. ரெண்டு பேர் இருக்கோமேம்மா."

"ரெண்டாவது நீங்க சார்."

"யாரா இருந்தா என்ன, எண்ணிக்கை எண்ணிக்கைதானே? 'அறையில் ஒரே ஒரு நபர் பதினான்கு நாள் வாழ்வதை ஆய்வாளர் நேரில் காண வேண்டும்'. விதி தெளிவா இருக்கு."

"நீங்க போயிட்டா நான் ஒருத்திதான் சார் இருப்பேன்."

"நான் போயிட்டா யாரும்மா பாக்கறது?"

 ஜன்னல் வழியாக வெளியே இருந்து பார்க்கலாம் என்றால் மூன்றாவது மாடி. ஏணிக்கு வாரியத்தில் நிதி ஒதுக்கவில்லை. ஆய்வாளருக்கும் அவளைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். தலையைச் சொறிந்து சொறிந்து கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ஒண்ணு பண்ணலாம். நீங்க வேலைக்குப் போற நேரத்துல நான் வரேன். அப்போ ரூம்ல ஒருத்தர்தான் இருப்போம். கணக்கு உதைக்காது. ராத்திரியைப் பாக்கணும்னு விதி இல்லை, ராத்திரி வேலைக்குப் படி கிடையாது."

இதில் எங்கேயோ ஓர் ஓட்டை இருக்கிறது என்று சில்லுவுக்குப் பட்டது. ஆனால் பதினாறு நாள்தான் மிச்சம். பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றுச் சாவியைக் கொடுத்தாள்.

முதல் நாள் வேலை முடிந்து வந்தபோது, ஒரு தம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மூன்றாம் நாள் ஜன்னல் கம்பியில் ஆய்வாளரின் சட்டை காய்ந்தது. ஐந்தாம் நாள் ஃபியூஸ் போன பல்பை மாற்றி, அதன் விலையை அவளுடைய வரவு செலவுப் படிவத்திலேயே அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். எட்டாம் நாள் பாத்திரத்தில் பாதிச் சோறு, பக்கத்தில் ஒரு சீட்டு: 'தண்ணீர் சற்றுக் கூடிவிட்டது. நாளை சரியாகும்.' சில்லு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அந்தச் சோற்றைச் சாப்பிட்டாள். நடுவே ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டு வந்தன. அன்றைக்கு எண்ணிக்கை தப்பிவிடக் கூடாதே என்று காலையிலேயே கிளம்பிப்போய் அக்கா வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

"ரூம் எடுத்தது தனியா இருக்கத்தானேடி? இங்க வந்து உக்காந்திருக்கே?" என்றாள் அக்கா.

"நான் தனியா இருக்கறதை அங்க பாத்துட்டிருக்காங்க அக்கா" என்றாள் சில்லு.

ஒருநாள் கடையில் கரண்ட் போய், மத்தியானமே திரும்பினாள். ஆய்வாளர் பாயில் பனியனோடு படுத்துப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"தப்பா நினைச்சுக்காதம்மா. இத்தனை வயசுக்கு ஒரு டீ நானா போட்டதில்லை. அம்மா போடுவாங்க. சம்பளத்தையும் அவங்கதான் வாங்கி வச்சுப்பாங்க. பஸ்ஸுக்கு எண்ணிக் குடுப்பாங்க. இங்க வந்துதான் உப்பு என்ன விலைன்னே தெரிஞ்சுது."

"அப்புறம் எப்படி சார் உங்களை இந்த வேலையில போட்டாங்க?"

"அனுபவம் இருக்கறவங்களைப் போட்டா பாரபட்சம் வந்துடுமாம்."

இருபத்தொன்பதாம் நாள் சான்றிதழ் வந்தது. கெட்டித் தாள், தங்க நிற முத்திரை. சில்லு கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். 'மேற்படி அறையில் ஒரே ஒரு நபர் பதினான்கு நாள் தனியாக வாழ்ந்து வந்ததும், பாலைப் பொங்கவிடாமல் காய்ச்சியதும், தன் சட்டையைத் தானே துவைத்ததும், சிக்கனமாகச் செலவு செய்ததும் நேரில் காணப்பட்டது. அந்நபர் தனிமை ஆய்வாளரே ஆவார். எனவே அவர் தனியாக வாழத் தகுதி பெற்றவர் என இதன் மூலம் சான்றளிக்கப்படுகிறது.'

எழுத்தரிடம் போய் நின்றாள். 

"சார், ரூம் என்னோடது. வாடகை நான் குடுக்கறேன்."

"இருக்கலாம்மா. ஆனா நீங்க அங்க இருந்ததை யாரு பாத்தாங்க? பதினாலு நாளும் நீங்க இல்லைன்னுதான் குறிப்பு இருக்கு."

வீட்டுக்காரம்மாவும் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யார் பேர்ல இருக்கோ அவருக்குத்தான் ரூம். நான் சட்டத்துக்குப் பயந்தவ."

சில்லு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். பதினாறு மாதப் பட்டினியை நினைத்து அழுதாள், சோபாவை நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதாள். ஆய்வாளர் ஒரு பெட்டியோடு படியேறி வந்தார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிச்சல் இல்லை. "வேணும்னு பண்ணலைம்மா. பாத்ததைத்தான் எழுதினேன்" என்றார். அது உண்மைதான். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை என்பதும் உண்மை. அவள் ஏழு கவரையும் எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு இறங்கினாள். அன்று ராத்திரி சோபா நகர்ந்தது. "யாரு?" என்றார் அத்தான்.

நான்காம் நாள் ஆய்வாளர் பேயறைந்த மாதிரி கண்ணாடிக் கடைக்கு வந்தார்.

"என்ன சார், கண்ணு தெரியலையா?"

"அம்மா தனியா இருக்காங்கம்மா."

"யாரோட அம்மா?"

"எங்கம்மாதான். நான் வெளியே வந்துட்டேன் இல்லையா? எழுபத்தாறு வயசுல முதல்தடவையா தனிக்குடியேற்றம்னு எழுத்தர் ஃபைல் போட்டுட்டார். அந்தப் பகுதிக்கு ஆய்வாளர் நான்தான். அவங்க தனியா இருக்கறதை நான் பதினாலு நாள் பாக்கணும்."

"பாத்துட்டு வாங்களேன்."

"எங்கேருந்து பாக்கறது? நான் போனா ரெண்டு பேர். அவங்க வீட்டை விட்டு வெளியே போக மாட்டாங்க. எண்ணிக்கை ஒண்ணுக்கு வரவே வராது. நான் ரிடையர் ஆகற வரைக்கும் அங்கேயே இருந்து பாத்துட்டே இருக்க வேண்டியதுதான்." சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அம்மா வேற டிபன் பாக்ஸைக் கழுவி வச்சுட்டு உக்காந்திருக்காங்க."

பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். சான்றிதழ் பெற்ற ரூம் மூன்று நாளுக்கு மேல் பூட்டிக் கிடந்தால் சான்றிதழ் ரத்தாகிவிடுமாம். யாராவது திறந்து, பால் காய்ச்சி, துணி துவைத்து, அவர் தனியாக இருப்பதற்கான அறிகுறிகளைக் காப்பாற்றித் தர வேண்டும். வாடகை மட்டும் அவர் பெயரில் கட்டினால் போதும்.

சில்லு அன்றைக்கே குடியேறினாள். வீட்டுக்காரம்மாவுக்கு ஆட்சேபணை இல்லை. சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு மாதத்தில் அவள் கணக்கில் மறுபடியும் மீதி வர ஆரம்பித்தது. அதை எந்தப் படிவத்திலும் எழுதவில்லை, அதனால் அது கையிலேயே தங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். வாரியத்தின் கணக்கெடுப்பாளர், நாற்பதை நெருங்கும் வயது, கையில் பட்டியல்.

"இங்க ஆய்வாளர் ஒருத்தர் தனியா இருக்காராமே?"

"ஆமா."

"உள்ள இருக்காரா?"

"பட்டியல்ல இருக்காருல்ல?"

"இருக்கார்" என்று அவர் ஒரு டிக் அடித்தார். "நீங்க?"

"நான் அக்கா வீட்டுல, சோபாவுக்குப் பின்னாடி இருக்கேன்."

பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "அதுவும் சரியா இருக்கு" என்று இன்னொரு டிக் அடித்தார். ஆனால் நகரவில்லை. ரூமுக்குள், ஜன்னல் வெளிச்சத்தில் விரித்திருந்த பாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. பெரியப்பா வீட்டுல மாடிப்படிக்கு அடியில படுத்துக்கறேன். பதினோரு வருஷம் ஆச்சு. பக்கத்துல எங்கயாவது இப்படி ஒரு ரூம் காலியா இருந்தா சொல்வீங்களா?"

பக்கத்து ரூம் காலியாகத்தான் இருந்தது. முந்தின நாள்தான் வீட்டுக்காரம்மா சொன்னார். படிக்கட்டுக்கு அடியில் தலை இடிக்காமல் எழுந்திருப்பது எப்படி என்று யோசித்தபோது சில்லுவுக்கு நிஜமாகவே நெஞ்சு இளகியது. வாயைத் திறந்தாள்.

"தனியா இருந்து பழக்கம் உண்டா?"

"இல்லைங்க."

"பால் காய்ச்சத் தெரியுமா?"

"கத்துக்குவேங்க."

"எல்லாரும் வாயால அப்படித்தான் சொல்வாங்க. நம்பி எப்படி விடறது?" என்றாள் சில்லு. "யாராவது ஒரு பதினாலு நாள் கூட இருந்து பாத்தாத்தானே தெரியும்?"

"நியாயம்தாங்க" என்று கணக்கெடுப்பாளர் பணிவாகத் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.