மலையைப் பெயர்ப்பவர்

பலசாலிகளில் தூக்குகிறவர்கள் என்று ஓர் இனம், தூக்கியவர்கள் என்று இன்னோர் இனம். நான் சொல்ல வந்தது இரண்டாவதை. இவர்கள் தூக்கியதெல்லாம் இறந்த காலத்தில்தான். நிகழ்காலத்தில் பார்த்தவர் எவருமில்லை.

எங்கள் ஆற்றோரச் சிற்றூரில் இந்த இனத்துக்குத் தலைவர் வுங். வியட்நாமின் பழைய காவியங்களில் மாவீரன் வந்தால், 'மலையைப் பெயர்ப்பான், வெண்கலக் கொப்பரையைத் தூக்குவான்' என்பார்கள். வுங் அந்தத் தொடரைத் தன் பெயருக்கே பட்டா போட்டுக்கொண்டவர். தேநீர்க் கடையில் வேகவைத்த கடலையை உரித்தபடி, பட்டாளத்தில் பீரங்கியைத் தோளில் சுமந்ததையும், சேற்றில் சிக்கிய லாரியை முதுகால் நெம்பியதையும், முட்ட வந்த எருமையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்ததையும் அடுக்குவார். அரிசி மூட்டை இறக்க ஒரு கை கேட்டால்?

"இதெல்லாம் என் பலத்துக்கு அவமானம்பா!"

சென்ற மழைக்காலத்தில் ஆறு கரையை உடைத்தது. ஊர் ஆண்களெல்லாம் உடைப்பை அடைக்கப் போய்விட்டோம். முதுகுப் பிடிப்பு என்று வீட்டில் தங்கியவர் வுங் ஒருவர்தான். பக்கத்து வீட்டு மியென் கணவனை இழந்தவள். சினைப் பன்றி ஒன்றுதான் அவள் பிழைப்பு. அது கொட்டிலில் சகதிக்குள் கால் புதைந்து நிற்க, வெள்ளம் ஏறிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, ஓடி வாங்க! மலையையே பெயர்க்கிறவருக்கு ஒரு பன்னி பெருசா?"

வந்தார். வயிற்றுக்கடியில் கைகொடுத்து எக்கினார். பன்றி அசையவில்லை. மறுபடி எக்கினார். சகதியில் விழுந்தது வுங்தான்.

"முடியலம்மா..." சகதியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் எதையுமே தூக்கினதில்ல."

"அது ஊருக்கே தெரியுமேண்ணே! மூக்கு முங்குது, தலையையாவது பிடிங்க! நான் ஆளக் கூட்டிட்டு வரேன்."

பிடித்தார். மண்டியிட்டு, மார்பளவு தண்ணீரில், இரண்டு மணி நேரம். நாங்கள் நாலு பேர் படகில் போய்ச் சேர்ந்தபோது, உயிரோடிருந்த பன்றியின் தாடையிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரமே கடையில் ஆரம்பித்துவிட்டார். "கொட்டிலோட சேத்துத் தூக்கிட்டேன்ல!"

எல்லோரும் தேநீர் வாங்க வந்திருந்த மியென்னைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றாள், முகத்தில் துளி மாற்றமில்லாமல். "ஒத்தக் கையால. நான்தான் பாத்தேனே."

நாங்கள் நாலு பேரும் குனிந்து கடலை உரிக்க ஆரம்பித்தோம்.

சிரிக்கிறீர்களா? 'நானாக இருந்தால் பன்றியை அலாக்காகத் தூக்கியிருப்பேன்' என்று உங்கள் மனத்துக்குள் இப்போது ஒன்று ஓடியதே, அதை வீட்டில் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அலமாரியை நகர்த்த ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள்.