புள்ளியை முந்திய கண்

வண்டியூர், மதுரை.

மரியாதைக்குரிய மச்சான் வெள்ளைத்துரை அவர்களுக்கு,

சோழவந்தானில் தாங்களும் என் அக்கா பாண்டீஸ்வரியும் சுகமாக இருப்பீர்கள். இருங்கள். நான் சுகமாக இல்லை. யார் சொல்லக் கேட்டீர்களோ, என்னைப் பைத்தியம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை உங்கள் மகன் அழகுபாண்டிக்காக என் மகளுக்குப் பூ வைக்க வருவதையும் நிறுத்திவிட்டீர்களாமே.

நடந்தது இதுதான். உளவியல் படிக்கும் என் மகள் சத்யப்ரியா, ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கல்லூரிக்கு அழைத்துப்போய், கண் ஓடும் வழியைப் பதிவு செய்யும் கேமரா முன்னால் உட்கார வைத்தாள். திரையில் ஒரு புள்ளி இடமும் வலமும் நகரும். கண் அதோடு வழுக்கிக்கொண்டே போக வேண்டும். என் கண் தாவித் தாவிப் போனதாம், சில நேரம் புள்ளிக்கு முன்னாலேயே போய் நின்றதாம். நிற்காதா? இத்தனை வருஷம் பரீட்சை ஹாலில் பிட் அடிக்கிறவனைப் பிடித்த கண்! மனச்சிதைவு உள்ளவர்களுக்கும் இப்படித் தாவுமாம். நோயே இல்லாமல் அதன் சாயல் மட்டும் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் தாவுமாம்.

அப்புறம் கேள்வித்தாள். 'கண்ணுக்குத் தெரியாத ஒருவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்ததுண்டா?' நம் கருப்பசாமியை வைத்துக்கொண்டு இல்லை என்று எழுத எனக்குத் தைரியம் கிடையாது. போன திருவிழாவில் அரிவாள் மேல் ஏறி நின்று "வந்திருக்கேன்டா!" என்று என்னை அதட்டியது யார் மச்சான்? நீங்கதானே? உங்களுக்குக் கும்பிடு, எனக்குப் பைத்தியக் கணக்கில் ஒரு மார்க்கு! 'உங்களைப் பற்றி மற்றவர்கள் ரகசியமாகப் பேசுகிறார்களா?' ஆம் என்று எழுதி, கேட்காமலேயே ஓரத்தில் உங்கள் பெயரையும் எழுதினேன். இப்போது நிரூபணமாகிவிட்டது.

"இதை வச்சு ஒரு ஆளை இப்படின்னு சொல்லவே முடியாதுப்பா. நிறையப் பேரைச் சேத்துப் பாத்தாத்தான் லேசாத் தெரியும்" என்று சத்யப்ரியா அன்றைக்கே சொன்னாள். தாங்கள் டீக்கடையில் யாரிடமோ சொன்னதாக என் காதுக்கு வந்தது, "அம்புட்டும் பரம்பரை மாப்ள, கண்ணுலயே தெரியுதாம்." பரம்பரை என்றால் என் அக்கா யார் வீட்டுப் பெண்? அழகுபாண்டி யார் பேரன்? உங்கள் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் என்னை 'மற்றும் பலர்' ஆக்கியதையே நான் இன்னும் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை பூவோடு வாருங்கள். இல்லையென்றால் நான் அங்கே வாரேன்.

அக்காவுக்கு வணக்கம். அழகுபாண்டிக்கு ஆசி. உங்களுக்கு அழகர் நல்ல புத்தி கொடுக்கட்டும்.

தெளிந்த புத்தியுடன்,
சோலை, எம்.ஏ., பி.எட்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது சத்யப்ரியா வாங்கி வாசித்தாள். "அனுப்பாதீங்கப்பா. மாமாட்ட சொன்னதே நாந்தான். எனக்கு அழகுபாண்டி வேணாம். நேராச் சொன்னா நீங்க கேட்டிருக்கவா போறீங்க?" என்றாள். எழுதியதைக் கிழிக்கும் வழக்கம் எனக்கில்லை, அனுப்புகிறேன். ஆனால் மச்சான், தாங்கள் சொன்னதுதான் சரி. எனக்குப் பைத்தியம்தான். பரம்பரைதான். இதற்கு மேலும் பெண் கேட்டு வாசலில் வந்து நின்றீர்கள் என்றால், முழுசாகப் பார்ப்பீர்கள்.