தெருவுக்கு ஒரு பெஞ்சு

உட்காருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

நீங்கள் சிரிக்கலாம். என் பிழைப்பு அப்படி. செருப்புக் கடையில் விற்பனையாளன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஊரையெல்லாம் "உட்காருங்க, உட்காருங்க" என்று உபசரித்துவிட்டு, நான் மட்டும் நின்றுகொண்டோ குனிந்துகொண்டோ இருப்பேன். வீட்டுக்கு வந்தாலாவது உட்காரலாம் என்றால், எங்கள் நாற்காலிக்கும் என் மனைவியின் ஞாபகசக்திக்கும் நடுவே ஏதோ கம்பி இழுத்திருக்கிறார்கள். கிறீச் என்றால் போதும்.

"என்னங்க, உட்கார்ந்துட்டீங்களா? அந்த ஃபேன் இறக்கையைத் துடைச்சிடுங்களேன்."

"நேத்துதானே துடைச்சேன்?"

"நேத்து துடைச்சது ஹால் ஃபேன்."

இந்த நிலைமையில்தான் மாநகராட்சியின் மாதச் செய்திமடல் கதவிடுக்கில் வந்து விழுந்தது. 'தெருவுக்கு ஒரு வசதி' என்று புதுத் திட்டம். ஒரு தெருவில் முப்பது பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் குப்பைத்தொட்டி, கூடுதல் விளக்கு, பொது இருக்கை, இந்த மூன்றில் ஒன்றை இலவசமாக வைத்துத் தருவார்களாம். எனக்கு மூன்றாவது மட்டும்தான் கண்ணில் பட்டது.

தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கும் ஓர் அச்சகம். அதன் வாசலில் நல்ல நிழல். எங்கள் வீட்டிலிருந்து சரியாக நூற்றெண்பது எட்டு தூரம். என் மனைவியின் குரல் நூற்றைம்பதாவது எட்டில் தேய்ந்துபோகிறது. நடந்தே சோதித்துப் பார்த்துவிட்டேன்.

ஒரு வாரம் வீடு வீடாக அலைந்ததில் நான்கு கையெழுத்து தேறியது. அதில் ஒருவர் அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்கிறவர். எதிர்வீட்டு லாரி டிரைவர் பேனாவைத் தொடவே இல்லை.

"பெஞ்சு எதுக்குங்க? நாள் பூரா உட்கார்ந்துதான் ஓட்டறேன். எனக்கு நிக்க ஒரு இடம் இருந்தா சொல்லுங்க."

ஏழாம் நாள் விண்ணப்பம் என் மனைவியிடம் சிக்கியது.

"இது என்னங்க?"

"அது வந்து... பொதுநலம்."

"யாரோட பொதுநலம்?"

"வயசானவங்க, நடந்து வர்றவங்க, கால்வலிக்காரங்க..."

வரி விடாமல் படித்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் நின்றுதான்.

"நல்ல காரியம்தானே! இதை ஏன் ஷூ பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சீங்க? கொடுங்க, நான் நாலு வீட்டுல கேட்டுப் பாக்கறேன்."

மறுநாள் மாலை முப்பத்தொரு கையெழுத்து.

"எப்படிம்மா?"

"கேட்டேன், போட்டாங்க."

"டிரைவர் வீட்டுலகூடவா?"

"அவர் சம்சாரம் போட்டுச்சு. வார்டு ஆபீஸை நீங்க வர்றதுக்குள்ள மூடிடுவாங்க, நானே கொடுத்துடறேன். கடைசிப் பக்கத்துல மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

"அது எதுக்கு?"

"உங்க யோசனைதானே? உங்க பேர் இருக்க வேணாமா?"

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் என் யோசனையை என்னுடையது என்று அவள் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. படிக்காமல் போட்டேன்.

மாநகராட்சி சொன்ன தேதிக்குச் சொன்னபடி செய்தது. நான் கேட்ட அதே இடம். பச்சை வண்ணம், சாய்மானம், கை வைக்கக் கட்டை. அன்று கடையிலிருந்து ஓடி வந்து, முகம் கழுவி, செய்தித்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். நூறாவது எட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நூற்றிருபதில் ஆட்கள் தெரிந்தார்கள். மாடிவீட்டு டீச்சர், தையல்காரம்மா, டிரைவரின் சம்சாரம். நடுவில் என் மனைவி.

"வாங்க, என்ன இந்தப் பக்கம்?"

"கொஞ்சம் உட்காரலாம்னு..."

"நாலு பேர் உட்கார்ற பெஞ்சுங்க இது."

"நீங்க எப்ப எழுந்திருப்பீங்க?"

"ஆறு மணிக்கு. அப்புறம் அடுத்த செட் வரும். முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம்ல? முறை வச்சுத்தான் உட்காரணும்."

இருக்கை கேட்டவனுக்கு இருக்க இடமில்லை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கு எதுக்கு இது? நீதான் வீட்டுலயே இருக்கியே!"

"இருக்கேன். நான் உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா?"

யோசித்தேன். பார்த்ததில்லை.

"இருந்தாலும்... நானும்தானே கையெழுத்துப் போட்டேன்!"

"நீங்க போட்டது வேற பக்கம்" என்று டீச்சர் தோளை நகர்த்திக் காட்டினார். சாய்மானத்தில் ஒரு தகடு. 'பொது இருக்கை. பராமரிப்புப் பொறுப்பாளர்: கதவு எண் ஏழு.' கதவு எண் ஏழு நாங்கள். அதற்குக் கீழே என் செல்போன் எண்.

இப்போது தினமும் கடைக்குப் போகுமுன் வாளியும் ஈரத்துணியுமாக நூற்றெண்பது எட்டு நடக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவரின் குதிகாலைப் புது ஷூவுக்குள் திணித்துக்கொண்டிருக்கும்போது போன் வரும். "சார், பெஞ்சுல காக்கா எச்சம் போட்டிருக்கு, கவனிங்க." சரி, மாலையில் அவள் அங்கே இருக்கிறாளே, காலி வீட்டிலாவது நிம்மதியாக உட்காருவோம் என்று நாற்காலியை இழுத்தேன். மறுபடி போன்.

"என்னங்க, உட்கார்ந்துட்டீங்களா? கொடியில துணி காயுது, எடுத்து மடிச்சிடுங்க."

போன வாரம் மாநகராட்சியிலிருந்து ஓர் அம்மாள் பேசினார். குரலில் அத்தனை பணிவு.

"சார், நீங்க விண்ணப்பிச்சு வாங்கின இருக்கையைப் பத்திக் கருத்துக் கேக்கறோம். வசதியா இருக்குங்களா?"

"ரொம்ப வசதிங்க" என்றேன். "துடைக்கறதுக்கு."