பெரியம்மாவுக்கு எண்பத்திரண்டு மார்க்

ஒரகடத்தில் கார் இருக்கை தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில், யார் செத்தால் அழலாம் என்பதற்குத் தெளிவான விதி இருந்தது. அப்பா, அம்மா, கட்டியவர், பெற்றது. இந்த நான்கு வகைக்கும் மூன்று நாள் துக்க விடுப்பு. மற்றவர்கள் சாவதை நிர்வாகம் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அடக்கம் செய்துகொண்டால் நல்லது என்று மட்டும் கருதியது.

தரப் பரிசோதகன் சாம்சனின் அக்கா ஷெர்லினுக்கு இந்த விதி தெரியாது. போன ஆகஸ்ட் பதினாலு, புதன்கிழமை, டெங்குவில் போய்விட்டாள். ஒரு நாள் பொறுத்திருந்தால் சுதந்திர தினம், கம்பெனியே லீவு. சாம்சனுக்கு இரண்டு மணி நேரம் பர்மிஷன் கிடைத்தது. அவன் வடக்குப்பட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குழியை மூடிவிட்டு மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

குறையுள்ள இருக்கையில் சிவப்புச் சீட்டு கட்டுவது சாம்சனின் வேலை. சீட்டில் மூன்று கட்டங்கள்: பாகம், குறை, நடவடிக்கை. ஷெர்லின் தினமும் டீ பிரேக்கில், சரியாகப் பத்துப் பத்துக்கு, போன் போட்டு "சாப்ட்டியாடா?" என்பாள். அவள் போன பிறகு அந்தப் பத்து நிமிஷத்தை என்ன செய்வதென்று சாம்சனுக்குத் தெரியவில்லை. கையில் இருந்தது சிவப்புச் சீட்டு. எழுதினான்.

பாகம்: டீ பிரேக்.
குறை: பத்துப் பத்துக்கு போன் அடிக்கவில்லை.
நடவடிக்கை: பத்து இருபது வரை காத்திருக்கவும்.

இப்படித் தினம் ஒன்றாக எழுதிய நாற்பத்தொரு சீட்டும் சட்டைப்பையிலேயே இருந்திருக்கும். ஒன்று மட்டும் அவசரத்தில், ஒரு குறையும் இல்லாத இருக்கையில் கட்டப்பட்டுவிட்டது. தணிக்கைக்கு வந்த வாடிக்கையாளர் கம்பெனி அதிகாரி அதைத்தான் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க இது?"

மனிதவள மேலாளர் வினோதினி ஒரே மூச்சில் படித்து, அதே மூச்சில் பதில் சொன்னார்: "எங்க ஊழியர் துக்கப் பராமரிப்புத் திட்டம், சார்."

"பிரமாதம். அடுத்த தடவை வரும்போது முழுசாப் பார்க்கணும்" என்றவர், அறிக்கையில் 'நல்ல நடைமுறை' என்று குறித்துக்கொண்டார்.

அறிக்கையில் ஏறிவிட்ட ஒன்று தொழிற்சாலையில் இல்லாமல் இருக்க முடியாது. ஆகவே மூன்றே மாதத்தில் சாம்சனின் சீட்டுகள் 'நிராகரிக்கப்பட்ட இருக்கைகள்' என்ற கவிதைத் தொகுப்பாக வெளிவந்தன. கேன்டீனில் விமர்சனக் கூட்டம். சென்னையிலிருந்து விமர்சகர் கார்முகில், தண்டலம் பக்கத்துக் கல்லூரியிலிருந்து பேராசிரியர் தேவநாதன். இருவருக்கும் ஆளுயர மாலை. சாம்சனுக்கு ஷிப்டு முடியாததால் கையுறையோடு முதல் வரிசை.

"'பத்து இருபது வரை காத்திருக்கவும்.' காலத்தின் மீதே தொடுக்கப்பட்ட கலகம் இது" என்றார் கார்முகில்.

"இல்ல சார். பத்து இருபதுக்கு பெல் அடிச்சுருவாங்க" என்றான் சாம்சன்.

தேவநாதன் முகம் சுளித்தார். "தன் பிரதிக்குத் தானே விளக்கம் சொல்லக் கூடாது தம்பி. பிரதி வெளியான கணத்திலேயே ஆசிரியர் இறந்துவிடுகிறார்."

பின்வரிசையில் இருந்து அசெம்பிளி ரகு எழுந்தான். "சார், அப்போ லீவு யாருக்கு சார்?"

கேன்டீன் சிரித்து ஓய்ந்ததும், அக்கா என்பது எது என்ற விவாதம் தொடங்கியது. அக்கா என்பது நாம் இழந்த விளைநிலம் என்றார் தேவநாதன். இல்லை, உலகமயத்தின் உதட்டில் உறைந்த மௌனம் என்றார் கார்முகில். சத்தம் கூடியது.

"அக்கா பேரு ஷெர்லின் சார்" என்று சாம்சன் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

கூட்டம் முடிந்து அவன் வினோதினியிடம் போனான். "மேடம், வர்ற ஆகஸ்ட் பதினாலாந்தேதி அக்காவோட வருச நினைவு. காலைல கல்லறையில ஜெபம். அன்னிக்குத்தான் மண்ணு போடக் குடுத்து வைக்கல. ஒரு நாள் லீவு வேணும்."

வினோதினிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க புத்தகத்தைப் படிச்சு ரெண்டு நாள் எனக்குச் சோறே இறங்கல சாம்சன். ஆனா அக்கா லிஸ்ட்ல இல்லையே."

அதோடு அவர் விட்டுவிடவில்லை. நல்ல மனசுக்காரர். ஒரே வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. பட்டியலில் இல்லாத உறவினருக்காகத் துக்க விடுப்பு கோருவோர், அத்துக்கத்தின் ஆழத்தை மெய்ப்பிக்கும் கவிதை ஒன்றை விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும். கார்முகில், தேவநாதன் இருவர் கொண்ட குழு மதிப்பிடும். தேர்ச்சிக்கு அறுபது மதிப்பெண்.

சாம்சன் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தான். முப்பத்தெட்டு. 'ஆசிரியர் சொன்னதையே சொல்கிறார். இத்துக்கம் ஏற்கெனவே பிரசுரமானது' என்று குறிப்பு.

ரகு தன் பெரியம்மா பங்கஜத்துக்காக எழுதியிருந்தான்:

பெரியம்மா,
நீ என் மௌனத்தின் விளைநிலம்.
உலகமயத்தின் உதட்டில்
உலராத கண்ணீர்.

எண்பத்திரண்டு. 'மெய்யான இழப்பு மட்டுமே ஒருவரை இப்படி எழுத வைக்கும்' என்று இரண்டு விமர்சகர்களும் முதல்முறையாக ஒத்துப்போயிருந்தார்கள். பதினாலாம் தேதி லீவு அனுமதி.

"டேய், உங்க பெரியம்மா எப்போடா செத்தாங்க?" சாம்சன் பதறிப்போனான்.

"யாரு, அதுவா? காலைல வூட்ல கல்லுல தோசை ஊத்திக்கினு இருந்துச்சு. இன்னா மச்சான் பண்றது? உங்க அக்காவுக்கு லீவு இல்ல, எங்க பெரியம்மாவுக்குக் கீது. உனக்கோசரம் நான் போறேன். இன்னா செய்யணும், சொல்லு."

சாம்சன் கையுறையைக் கழற்றினான். பிறகு சொன்னான். "கல்லறைய தண்ணி ஊத்திக் கழுவணும். சாமந்தி வேணாம், அவளுக்குப் புடிக்காது. ரோஜா வை. மெழுகுவத்தி காத்துக்கு நிக்காது, கையால மறைச்சுக்கோ."

பதினாலாம் தேதி. டீ பிரேக். சாம்சன் டம்ளரை வாயருகே கொண்டுபோனான். பத்துப் பத்துக்கு போன் அடித்தது.

"தம்பி, நான் ரகு பெரியம்மா பேசறேன், நானும் கூட வந்துக்கிறேன். இவன் மெழுகுவத்திய மறைச்சுக்கினு நிக்கறான், அதான் நான் போன் போட்டேன். நல்லாக் கழுவி வுட்டாச்சு. ரோஜாதான் வச்சிருக்கு. சர்ச்சு ஐயரு ஜெபம் சொல்லிக்கினு இருக்காரு, கேக்குதா?"

"கேக்குது பெரியம்மா."

"என்னப் பத்தி ஏதோ எழுதிக் குடுத்தானாமே, படிச்சுக் காட்னான். ஒரு எழவும் புரியல. ஆனா எண்பத்திரண்டு மார்க்காம். எங்க வூட்ல யாரு வாங்கினாங்க அவ்ளோ மார்க்கு? அது கெடக்கட்டும். நீ சாப்ட்டியாப்பா?"

சாம்சன் போனைக் காதில் வைத்தபடியே நின்றான். கண்ணீர் டீயில் விழுந்தது.

அந்த வழியாக வந்த வினோதினி நின்றார். "யாரு சாம்சன் போன்ல?"

"ரகுவோட பெரியம்மா மேடம்."

வினோதினி அவனையே பார்த்தார். அவருக்கும் கண் நிறைந்தது. மெதுவாக அவன் தோளைத் தொட்டார்.

"இது... செத்தவங்ககிட்ட போன்ல பேசற இந்த ஆழம் உங்க கவிதையில இல்ல சாம்சன். இதை எழுதியிருந்தீங்கன்னா பாஸ் பண்ணியிருப்பீங்க."

பெல் அடித்தது.